ஜாதகம் பார்த்துப் பிடித்த ஆள்

"சுந்தரி, தப்பா நெனக்காதீங்க. நீங்க சூதாட்டமும் நடத்துறீங்களா?"

திங்கட்கிழமை காலையில் போனில் இப்படிக் கேட்டவள் ஈசூனில் இருக்கும் அன்னம்மா. மகளுக்கு வரன் தேடி சிவகாமசுந்தரியிடம் ஜாதகம் பதிந்து வைத்திருப்பவள். அடிக்கடி போன் செய்வாள், ஏதாவது அமைந்ததா என்று கேட்பாள், இல்லை என்றதும் ஒரு பெருமூச்சு விட்டு வைத்துவிடுவாள். அந்த அம்மாள் வாயிலிருந்து சூதாட்டம் என்று வந்ததும் சுந்தரிக்குச் சிரிப்புதான் வந்தது. காலங்காத்தாலே என்ன வம்புக்கு இழுக்கிறீர்கள் என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். அன்னம்மா சிரிக்கவில்லை. உங்கள் வெப்சைட்டைத் திறந்து பாருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

டன்லப் ஸ்திரீட்டில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில்தான் சுந்தரியின் அலுவலகம். வாங்கி வந்த கோப்பியை ஓரமாக வைத்துவிட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்தாள். 'மங்களம் திருமணத் தகவல் மையம்' என்று பிள்ளையார் படத்தோடு வர வேண்டிய இடத்தில் சீட்டுக்கட்டு சுழன்றது, தாயக்கட்டை உருண்டது, தங்கக் காசு கொட்டியது. சரி, எவனோ வேலையற்றவன் விளம்பரத்தைக் கொண்டுவந்து ஒட்டியிருக்கிறான் என்று நினைத்துப் பக்கத்தைக் கீழே இறக்கினாள். அங்கே அன்னம்மாவின் மகள் இருந்தாள். பட்டுப் புடவை கட்டி, தலைநிறைய மல்லிகை வைத்து, மாப்பிள்ளை வீட்டாருக்குக் காட்டுவதற்காக எடுத்த படம். அதன் கீழே ஆங்கிலத்தில், 'என்னோடு விளையாட வா' என்று எழுதியிருந்தது. பக்கத்தில் இன்னொரு பெண். அதற்கடுத்து இன்னொருத்தி. சுந்தரியை நம்பிப் படம் கொடுத்த வீட்டுப் பெண்கள் எல்லாரும் வரிசையாக அங்கே சிரித்துக்கொண்டு நின்றார்கள்.

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கம்ப்யூட்டரை அணைத்தால் போய்விடும் என்பதுபோல் அணைத்தாள். தான் அணைத்ததால் ஊரில் யாருக்கும் அது அணைந்துவிடாது என்று அப்புறம்தான் உறைத்தது.

சுந்தரி லேசுப்பட்ட ஆள் இல்லை. கணவர் போன பிறகு, பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த மகளை வைத்துக்கொண்டு தனியாளாக இந்தத் தொழிலில் இறங்கியவள். லிட்டில் இந்தியாவில் வரன் பார்த்துக் கொடுக்கிறவர்களுக்கு என்ன பஞ்சமா? அத்தனை பேரை விட்டுவிட்டு இவளிடம் கூட்டம் வந்ததற்கு ஒரே காரணம்தான். சுந்தரியிடம் கொடுத்த ஜாதகம் வெளியேயும் போகாது, உள்ளேயும் மாறாது. இப்போதெல்லாம் யார் காகிதத்தோடு வருகிறார்கள், அவரவர் வீட்டிலிருந்தே வெப்சைட்டில் ஏற்றிவிடுகிறார்கள். ஏற்றிய பிறகு அதில் ஒரு புள்ளியைக்கூட ஏற்றியவரே மாற்ற முடியாதபடி செய்து வைத்திருந்தாள். தோஷம் இருந்தால் இருக்கிறது என்று முகத்துக்கு நேரே சொல்வாள். பிறந்த நேரத்தைக் கொஞ்சம் முன்னே பின்னே தள்ளிப் போடுங்களேன் என்று யாராவது குழைந்தால் கதவைக் காட்டுவாள். "என் பேரு ஒண்ணுதான் எனக்கு முதல்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். கொஞ்சம் அதிகமாகவே சொல்வாள். அந்தப் பேர்தான் இப்போது சீட்டுக்கட்டுக்கு நடுவில் கிடந்தது.

முதல் வேலையாக ரஞ்சனைக் கூப்பிட்டாள். உட்லண்ட்ஸில் இருக்கும் பையன். வெப்சைட்டைத் தன் சர்வரில் ஏற்றி ஹோஸ்டிங் கொடுப்பதும், பழுதென்றால் சரி பார்ப்பதும் அவன்தான். மணி அடித்த உடனே எடுத்தான். அவனிடம் அவளுக்குப் பிடித்ததே அதுதான், எப்போது கூப்பிட்டாலும் எடுப்பான். "அக்கா, டென்ஷன் ஆகாதீங்க லா, நான் பாத்துக்கிறேன்" என்றான். கம்ப்யூட்டரை மறுபடி போட்டுப் பார்க்கச் சொன்னான். போட்டாள். தங்கக் காசு முன்னைவிடக் கூடுதலாகக் கொட்டியது. போனில் திறந்து பார்க்கச் சொன்னான். போனில் அந்தப் பெண்கள் இன்னும் பளிச்சென்று தெரிந்தார்கள். அழித்துப் பார்த்தேன் அக்கா, அழிக்க அழிக்கத் தானாக வருகிறது என்றான். அப்படியானால் பழைய நகலை எடுத்து ஏற்றித் தொலை என்று சுந்தரி கத்தினாள். நகல் எடுத்தது ஞாபகம் இருக்கிறதாம். எங்கே வைத்தான் என்பதுதான் ஞாபகம் இல்லையாம்.

இவனை எங்கே பிடித்தாள் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். முன்பெல்லாம் இதே ஊரில் உபி வட்டாரத்தில் ஒரு கம்பெனியில்தான் ஹோஸ்டிங் வைத்திருந்தாள். ஒரு குறையும் சொல்ல முடியாத கம்பெனி. ஆனால் ஒரு சின்ன வேலைக்குப் போன் செய்தாலும் நீங்கள் யார், உங்கள் ரகசிய எண் என்ன, போனுக்கு ஒரு எண் அனுப்பியிருக்கிறோம் அதைச் சொல்லுங்கள் என்று ஆரம்பித்துவிடுவார்கள். ஒருநாள் எண்ணை மறந்துவிட்டாள். அடையாள அட்டையோடு நேரில் வாருங்கள் என்றார்கள். சுந்தரிக்கு வந்ததே கோபம். "காசு குடுக்குற என்னையே யாருன்னு கேப்பீங்களா?" என்று பிடிபிடியென்று பிடித்துவிட்டு, அன்றைக்கே வேறு ஆள் தேட உட்கார்ந்தாள்.

எங்கே தேடினாள்? தன்னிடம் பதிந்திருந்த மாப்பிள்ளைகளின் ஜாதகங்களில் தேடினாள். ஐடி வேலை பார்க்கிறவர்களை மட்டும் பொறுக்கி எடுத்து, கட்டம் கட்டமாக ஆராய்ந்தாள். ஒருவனுக்குச் சனியின் பார்வை, சோம்பேறியாக இருப்பான் என்று தள்ளினாள். இன்னொருவனுக்கு ராகு நின்ற இடம் சரியில்லை, நாணயம் இருக்காது என்று தள்ளினாள். ரஞ்சனுக்குக் கன்னியில் புதன் உச்சம். புதன் உச்சமென்றால் கணக்கும் கம்ப்யூட்டரும் சொன்னபடி கேட்கும். போதாததற்குக் குருவின் பார்வை வேறு. இதற்கு மேல் என்ன வேண்டும்? சாதாரணமாக ஒரு மாப்பிள்ளை என்றால் ஆபீசில் விசாரிப்பாள், அடுக்குமாடி புளோக்கில் பக்கத்து வீட்டில் விசாரிப்பாள், மாமன் மச்சான் வரை தோண்டித் துருவி எடுத்துவிடுவாள். அத்தனை வீட்டுப் பெண்களின் படத்தையும் விவரத்தையும் ஒருவன் கையில் தூக்கிக் கொடுக்கும்போது, அவனிடம் வேலை வாங்கியவர்கள் ஒருவரிடம் போய் ஒரு வார்த்தை கேட்டாளா? கேட்கவில்லை. புதன் இருக்கும்போது எதற்கு என்று இருந்துவிட்டாள்.

அவனும் வாய்க்கு வாய் அக்கா அக்கா என்று உருகினான். நீங்கள் யார் என்று ஒருநாளும் கேட்டதில்லை. வீட்டுப் பிள்ளை மாதிரி என்று சுந்தரி ஊரெல்லாம் சொல்லிப் பூரித்தாள்.

மத்தியானத்துக்குள் போன் மேல் போன். ஒரு தகப்பனார் போலீசுக்குப் போவேன் என்றார். ஒரு தாய் அழுதுவிட்டு வைத்துவிட்டாள். சுந்தரியால் அதற்கு மேல் உட்கார முடியவில்லை. ரோஷத்தையெல்லாம் மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு லிட்டில் இந்தியாவில் எம்ஆர்டி ரயில் ஏறி உபிக்குப் போனாள். ஹோஸ்டிங் ரஞ்சனிடம் போனாலும், வெப்சைட்டின் முகவரி மட்டும் இன்னும் அந்தக் கம்பெனியிலேயே அவள் பெயரில் இருந்தது. அதை மாற்ற ரஞ்சன் சோம்பல்பட்டிருந்தான். அவன் செய்ததிலேயே நல்ல காரியம் அதுதான்.

அங்கே அவளுக்கு வாய்த்தவள் அஃப்னா என்று ஒரு பெண். சாம்பல் நிறத்தில் முக்காடு, சட்டென்று சிரிக்காத முகம். உட்கார்ந்த உடனே சுந்தரி அடிமுதல் நுனிவரை கொட்டித் தீர்த்தாள். அஃப்னா குறுக்கிடாமல் முழுவதையும் கேட்டுவிட்டு, "மேடம், முதல்ல உங்க ஐசி குடுங்க" என்றாள்.

சுந்தரிக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அடையாள அட்டையை எடுத்து நீட்டினாள். போனுக்கு வந்த எண்ணைச் சொன்னாள். கம்பெனிப் பதிவைக் காட்டினாள். எல்லாம் சரியாக இருந்த பிறகுதான் அந்தப் பெண் கீபோர்டில் கை வைத்தாள். வைத்த கொஞ்ச நேரத்தில் சீட்டுக்கட்டு போனது, தங்கக் காசு போனது, பெண்களும் போனார்கள். 'பராமரிப்பு நடைபெறுகிறது' என்று வெறும் வெள்ளைப் பக்கம் ஒன்று வந்தது. சுந்தரிக்கு அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழலாம் போலிருந்தது.

அஃப்னா அதோடு விடவில்லை. எந்த வழியாக உள்ளே வந்தார்கள் என்று பார்க்க வேண்டும், அதற்கு ரஞ்சன் வைத்திருக்கும் பாஸ்வேர்ட் வேண்டும் என்றாள். அவனைத் தவிர வேறு யாரிடம் இருக்கிறது என்று கேட்டாள். யாரிடமும் இல்லை, தன்னைக் கேட்காமல் யாருக்கும் கொடுக்க மாட்டான் என்று சுந்தரி அடித்துச் சொன்னாள். பையன் வேலை தெரியாதவனாக இருக்கலாம், துரோகி இல்லை என்றாள். நீங்கள் சம்மதித்தால் ஒன்று செய்து பார்க்கலாம் என்றாள் அஃப்னா.

ரஞ்சனுக்கு எண் தெரியாத ஓர் ஆபீஸ் போனை எடுத்து, சுந்தரியின் கண் முன்னாலேயே அவனுக்கு ஒரு செய்தி அனுப்பினாள். சுந்தரி ஆபீசிலிருந்து பேசுகிறேன், பாஸ்வேர்ட் வேண்டும். அவ்வளவுதான். பெயர்கூடப் போடவில்லை. இப்போது பார், யார் நீ என்று கேட்பான் என்று சுந்தரி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். சாய்ந்த முதுகு நாற்காலியில் படுவதற்குள் பதில் வந்துவிட்டது. பாஸ்வேர்ட் முழுதாக இருந்தது. கீழே ஒரு கும்பிடு படம். வேறு ஏதாவது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று எழுதியிருந்தான்.

அடப்பாவி, இந்த லட்சணத்தில்தான் இத்தனை நாளும் அத்தனை குடும்பமும் அவன் கையில் இருந்ததா? யார் கேட்டாலும் எடுத்துக் கொடுத்துவிட்டுக் கும்பிடு வேறு போடுவானா? நீங்கள் யார் என்று அவன் கேட்காததை மரியாதை என்று நினைத்துத் தான் பூரித்துக் கிடந்தது ஞாபகம் வந்ததும் சுந்தரிக்குத் தன் கன்னத்திலேயே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

அஃப்னா உள்ளே போய்ப் பார்த்தாள். நேரம் ஆக ஆக அவள் முகம் மாறியது. 'ஆபீஸ் டூ' என்ற பெயரில் யாருக்கோ ஒரு தனிக் கணக்கு போன வருஷம் திறந்திருக்கிறார்கள். அதன் பாஸ்வேர்ட் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகப் போகும் எண். சின்னப் பிள்ளைகூடக் கண்டுபிடித்துவிடும். அந்த வழியாகத்தான் சூதாட்டக்காரர்கள் வந்திருக்கிறார்கள், படங்களோடு நிற்கவில்லை, ஜாதகம், போன் எண், வீட்டு முகவரி எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள். இதை மூடி மறைக்க முடியாது, விவரம் கொடுத்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் என்ன நடந்தது என்று சொல்லியாக வேண்டும், சட்டமே அப்படித்தான் என்றாள். சுந்தரி தலையைத் தலையை ஆட்டினாள். காதில் பாதி ஏறவில்லை.

கணக்கைத் திறந்தது யார்? சுந்தரியே ரஞ்சனைக் கூப்பிட்டாள். மேஜை மேல் போனை வைத்து, அஃப்னாவுக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரைப் போட்டாள்.

"அதுவாக்கா?" என்றான் அவன், ஒரு குற்றமும் அறியாத குரலில். "ரக்ஷனாவுக்குத்தான் போட்டுக் குடுத்தேன். அம்மா கேக்கச் சொன்னாங்கன்னு போன் பண்ணாங்க. உங்க பொண்ணுதானேன்னு குடுத்துட்டேன். ஏன்க்கா, உங்களுக்குத் தெரியாதா?"

சுந்தரிக்குத் தலையில் இடி விழுந்தது. ரக்ஷனா அவளுடைய ஒரே மகள். அடுத்த மாதம் கல்யாணம். மண்டபம் பேசியாகிவிட்டது, பத்திரிகை அடித்துப் பாதி வீடுகளுக்குக் கொடுத்தும் ஆகிவிட்டது. ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் வரன் பார்த்தவளுக்குச் சொந்த மகளுக்குப் பார்க்க முடியாமல் போனதுதான் கொடுமை. ரக்ஷனாவுக்கு எட்டில் செவ்வாய். அதே தோஷம் உள்ள மாப்பிள்ளைதான் வேண்டும் என்று வந்த வரனையெல்லாம் சுந்தரியே தட்டிவிட்டாள். கடைசியில் போன வருஷம் குவீன்ஸ்டவுனிலிருந்து வருண் என்ற பையனின் ஜாதகம் வந்தது. ஏழில் செவ்வாய். மற்றப் பொருத்தங்களும் அத்தனை அம்சமாக அமைந்தன. சுந்தரி அன்றைக்குச் சிராங்கூன் ரோடு காளியம்மன் சந்நிதியில் நின்று தேம்பித் தேம்பி அழுதாள்.

அந்தக் கணக்கில் ரக்ஷனா என்ன செய்திருக்கிறாள் என்று சுந்தரி கேட்டாள். அஃப்னா திரையைப் பார்த்தபடியே பதில் சொன்னாள். "ஒரே ஒரு தடவைதான் வந்திருக்காங்க மேடம். ஒரு ஜாதகத்தை எடுத்துட்டு, அதே பேருல வேற ஒண்ணு வச்சிருக்காங்க."

யாருடைய ஜாதகம் என்று சுந்தரி கேட்கவில்லை.

உபியிலிருந்து புக்கிட் பாஞ்சாங் வரை ஒரே ரயில். எப்படி ஏறினாள், எப்படி இறங்கினாள் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. திங்கட்கிழமைகளில் ரக்ஷனாவுக்கு வீட்டிலிருந்தே வேலை. சுந்தரி செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் போய் நின்றாள். மகள் நிமிர்ந்து தாயின் முகத்தைப் பார்த்தாள், மடிக்கணினியை மூடினாள்.

வருண் ஜாதகத்தை மாற்றினாயா என்று தாய் கேட்டதற்கு மகள் மழுப்பவில்லை. "நேரத்தை மட்டும்தாம்மா. காலையில ஒம்பது மணின்னு இருந்துச்சு, ஏழு மணின்னு மாத்தினேன்" என்றாள்.

இரண்டு மணி நேரம் முன்னால் தள்ளினால் லக்கினம் ஒரு கட்டம் பின்னால் போகும். ஆறில் தோஷமில்லாமல் நின்ற செவ்வாய், தோஷம் தரும் ஏழில் வந்து உட்காரும். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இந்த வீட்டில் சோறு வேகும் சத்தத்தைவிடக் கட்டம் பேசும் சத்தம்தான் அதிகம், கேட்டுக் கேட்டே வளர்ந்தவள் ரக்ஷனா. அவளும் வருணும் பாலிடெக்னிக்கில் படித்த நாளிலிருந்தே பழக்கம். வெப்சைட்டில் பதியும்படி அவன் தன் தாயிடம் சொன்னான். அந்த அம்மாள் வேலை மெனக்கெட்டு உண்மையான நேரத்தையே போட்டு ஏற்றிவிட்டார். ஏற்றியதை ஏற்றியவராலும் மாற்ற முடியாதே. அதனால்தான் சுந்தரி கண்ணில் படுவதற்கு முன்னால் ரக்ஷனா ரஞ்சனைக் கூப்பிட்டாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்றாள் சுந்தரி.

"நீங்க யாருக்காகவும் மாத்த மாட்டீங்கம்மா. எனக்காகவும் மாத்த மாட்டீங்க. கேட்டா வருண் வேணாம்னு சொல்லிடுவீங்க. அப்புறம் நான் என்ன பண்ணியிருப்பேன்?"

வேணாம் என்றுதான் சுந்தரி சொல்லியிருப்பாள். அது அவளுக்கே தெரியும்.

ஆனால் அந்தக் கணக்கின் வழியாக என்ன வந்தது என்று சுந்தரி சொல்லத் தொடங்கியதும் ரக்ஷனாவின் முகம் பேயறைந்ததுபோல் ஆகிவிட்டது. மாற்றி வைத்ததோடு அந்தக் கணக்கை அவள் மறந்தே போயிருந்தாள். மூட வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. அன்னம்மா மகள் படத்துக்குக் கீழே என்ன எழுதியிருந்தது என்று சுந்தரி சொன்னதும் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அன்னம்மா மகளை அவளுக்குத் தெரியும், ஒன்றாக டியூஷன் போனவர்கள். வெகுநேரம் விசும்பிவிட்டு, கடைசியில் கெஞ்ச ஆரம்பித்தாள். எவனோ புகுந்துவிட்டான் என்று மட்டும் எல்லாரிடமும் சொல்லுங்கள் அம்மா, அது பொய் இல்லையே. ஜாதகத்தைப் பற்றிச் சொல்லாதீர்கள். வருணின் தாய் கேள்விப்பட்டால் கல்யாணத்தை நிறுத்திவிடுவார்கள் என்றாள்.

சுந்தரி சோபாவில் உட்கார்ந்தாள். எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள். மகள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. சூதாட்டக்காரன் செவ்வாயைப் பற்றி யாரிடம் சொல்லப் போகிறான்? வாயை மூடிக்கொண்டால் கல்யாணம் நடந்துவிடும். ஆனால் இனிமேல் யாரையாவது நிமிர்ந்து பார்த்து, என்னிடம் கொடுத்த ஜாதகம் மாறாது என்று சொல்ல முடியுமா? மாறிவிட்டதே. தன் வீட்டுக்குள்ளேயே, தன் மகளுக்காகவே மாறிவிட்டதே. அதைத் தெரிந்துகொண்டே சம்பந்தி வீட்டில் போய்த் தாம்பூலம் வாங்கினால் தான் யார்? கதவைக் காட்டி அனுப்பிய ஆட்களுக்கும் தனக்கும் என்ன வித்தியாசம்? போன பேரில் மிச்சம் இருப்பதாவது இருக்கட்டும் என்று முடிவு செய்தாள். கல்யாணம் நின்றாலும் நிற்கட்டும்.

வருணின் தாய் மோகனப்பிரியாவுக்குத்தான் முதல் போன் போட்டாள். ஊரார் சொல்லித் தெரிவதற்கு முன்னால் தன் வாயாலேயே தெரிய வேண்டும். ரக்ஷனா எதிரே தரையில் உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு தாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மோகனப்பிரியா அதிர்ந்து பேசாதவள். வெப்சைட் விவகாரத்தைக் கேட்டு ஐயோ பாவம் என்றாள், பொம்பளைப் பிள்ளைகள் படமாச்சே என்று பதறினாள். வருண் விவரமும் போயிருக்கிறது என்றதற்கு, ஆம்பளைப் பையன்தானே, விடுங்கள் என்றாள். சுந்தரி அடுத்ததைச் சொன்னாள். வருண் ஜாதகத்தில் பிறந்த நேரம் மாறியிருக்கிறது. உண்மையான நேரத்தை வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் பொருந்தாது. தெரியாமல் பொருத்தம் பார்த்துக் கொடுத்துவிட்டேன், உங்களுக்கு விருப்பம் இல்லையென்றால் இப்போதே சொல்லிவிடுங்கள், நான் ஒன்றும் நினைக்க மாட்டேன். இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அது தெரியுமே சம்பந்தி" என்றாள் மோகனப்பிரியா.

சுந்தரி கண்ணைத் திறந்தாள்.

"பெத்தவளுக்குப் பிள்ளை பொறந்த நேரம் தெரியாதா? பொருத்தம் பாத்து அச்சடிச்சுக் குடுத்தீங்களே, அன்னைக்கே பாத்தேன். ஏழு மணின்னு போட்டிருந்துச்சு. பிள்ளைங்க ரெண்டும் ஆசைப்பட்டுக் கிடக்குதுங்க, நாம எதுக்கு அதைப் பெருசு பண்ணணும்னு விட்டுட்டேன்."

சுந்தரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கல்யாணம் நிற்காது. மகளைப் பார்த்து வேகமாகத் தலையை அசைத்தாள். ரக்ஷனா அப்படியே முழங்காலில் முகத்தைப் புதைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதாள். சுந்தரிக்கும் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு நல்ல மனுஷியா என்று நெஞ்சு நெகிழ்ந்துபோய், ரக்ஷனா சின்னப் பெண், அறியாமல் செய்துவிட்டாள், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றாள்.

"ரக்ஷனாவா மாத்தினா?" என்றாள் மோகனப்பிரியா. "நான் நீங்கன்னுல்ல நெனச்சேன்."

"நானா?"

"உங்க பொண்ணுக்காக மாத்திட்டீங்கன்னு நெனச்சேன். அதுல என்ன தப்பு சம்பந்தி? ஒரு அம்மா செய்யுறதுதான். எல்லா வீட்டுக்கும் அப்படித்தானே கொஞ்சம் பாத்து எழுதிக் குடுப்பீங்க? இல்லேன்னா இத்தனை கல்யாணம் எப்படி அமையும்? வெளியில எல்லாருமே அப்படித்தான் பேசிக்கிறாங்க. சும்மா பேருக்குத்தான் மாத்த மாட்டேன்னு சொல்வாங்க, மனசு நல்ல மனசுன்னு."

சுந்தரி சோபாவிலிருந்து எழுந்து நின்றாள். காலையில் சீட்டுக்கட்டைப் பார்த்தபோதுகூட இப்படி ஆகவில்லை. கத்த வேண்டும் என்றிருந்தது. யார் யார் பேசினார்கள்? எத்தனை வருஷமாகப் பேசுகிறார்கள்? தோஷம் என்று சொல்லித் திருப்பி அனுப்பிய பெண்களின் தாய்மாரும் இப்படித்தான் பேசிக்கொண்டார்களா? மற்றவர்களுக்கு மாற்றிக் கொடுத்தவள் நமக்கு மட்டும் ஏன் மாற்றவில்லை என்று நினைத்தார்களா?

"சம்பந்தி, நான் ஒரு ஜாதகத்தைக்கூட மாத்தினதில்ல" என்றாள். "சத்தியமா. ஒண்ணைக்கூட மாத்தினதில்ல."

"சரி, சரி" என்றாள் மோகனப்பிரியா, அடம் பிடிக்கிற பிள்ளையைச் சமாதானப்படுத்துகிற குரலில். பிறகு, முகூர்த்தப் புடவை எடுக்க என்றைக்குப் போகலாம் என்று கேட்டாள்.